வெயிலில் போட்ட படுக்கை

எங்கள் ஜப்பான் ஆட்கள் எழுதும் ஆங்கிலத்தில் மன்னிப்பு அதிகம். அதைக் குறைப்பதுதான் என் வேலையில் பாதி.

உட்காருங்கள், சிகுசா-சான். அப்பாவின் நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்த கையோடு, யவத்தஹாமாவிலிருந்து ரயிலேறி, தேநீர்ப் பொட்டலமும் கையுமாக எனக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறீர்கள். "எங்கப்பாவுக்குக் கடைசியில நீங்க ஒருத்தராவது பக்கத்துல இருந்தீங்களே" என்று வாசலிலேயே இடுப்புவரை குனிந்து வணங்கினீர்கள். அந்த வணக்கத்தை நான் வாங்கிக்கொண்டது தப்பு. ரயிலில் திரும்பிப் போகும்போதும் நீங்கள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டே போவீர்கள். அதை என்னால் தாங்க முடியாது போலிருக்கிறது. அதனால் சொல்கிறேன். நடுவில் நிறுத்தாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் செய்யும் வேலை சின்ன வேலை. ஆன்லைனில் ஆங்கிலம் படிக்கிறவர்கள் தாங்கள் எழுதியதை அனுப்புவார்கள். நான் திருத்தித் திருப்பி அனுப்புவேன். என் கணவருக்கு அமெரிக்காவில், ஒஹையோவில் வேலை. அங்கே பல வருஷம் குடித்தனம் செய்தோம். மளிகைக் கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் கற்றுக்கொண்ட ஆங்கிலம்தான். அவர் போன பிறகு மாட்சுயாமாவுக்குத் திரும்பி வந்து, இந்தச் சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து இதைச் செய்கிறேன்.

இலக்கணப் பிழையைத் திருத்துவது கஷ்டமே இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஃபுகுவோகாவில் ஒரு பல் டாக்டரின் மனைவி. அமெரிக்காவிலிருந்து தோழி வருகிறாள். 'எங்கள் வீடு குறுகலானது, அசுத்தமானது, உண்ணக் கொடுக்க ஒன்றும் இருக்காது' என்று எழுதினார். எங்கள் தளத்தில் திருத்தும் வேறு ஒருவர் அதில் பிழை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டார். தோழி ஓட்டலில் அறை எடுத்துத் தங்கி, கையோடு ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பல் டாக்டரின் மனைவி அப்புறம் என்னிடம்தான் வந்து புலம்பினார்.

"நாள் பூரா நின்னு சமைச்சேன் டீச்சர். அவ என் தட்டைத் தொடவே பயந்தா."

"நீங்கதானே ஒண்ணும் இல்லன்னு எழுதுனீங்க?"

"எழுதினா? அதை அப்படியே நம்பிடுவாளா?"

நம்புவார்கள். நம்மிடம் 'வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால், அது எந்த வேண்டாம் என்று நாம் முகத்தைப் பார்ப்போம். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு திருத்தத்தின் கீழேயும் நம் மொழியில் ஒரு குறிப்பு எழுதத் தொடங்கினேன்: 'நீங்கள் எழுதியிருப்பதை அவர் இப்படித்தான் புரிந்துகொள்வார், உங்கள் மனதில் இருப்பது அதுதானா?' இந்தக் குறிப்புக்காகவே என்னைத் தேடி வருகிறவர்கள் உண்டு. உங்கள் அப்பாவும் அப்படி வந்தவர்தான்.

முதன்முதலாக அவர் அனுப்பியது நியூசிலாந்தில் இருக்கும் உங்கள் கணவர் ஹேமிஷுக்கு எழுதிய கடிதம். 'நான் சிகுசாவின் தகப்பன். மன்னிக்கவும். கிவிப் பழக்கொடியில் எந்தக் கிளையை வெட்டுவீர்கள், எதை விடுவீர்கள்? மன்னிக்கவும்.' அவ்வளவுதான். நான் இரண்டு மன்னிப்பையும் எடுத்துவிட்டு, கேள்வியை மட்டும் வைத்தேன். ஹேமிஷ் படம் வரைந்து பதில் அனுப்பினார். உங்கள் அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மாதம் ஒருமுறை குரல்வழிப் பாடமும் உண்டு. அதில்தான் அவர் மனுஷராகத் தெரிந்தார்.

"டீச்சரம்மா, எழுபத்திரண்டு வயசுக் கட்டைல புதுசா ஒட்டுப்போட்டா ஒட்டுமா?"

"உங்க ஆரஞ்சு மரத்துக்கா?"

"எனக்கு. இங்கிலீஷைச் சொல்றேன்."

"காய்க்க நாளாகும், யோனெகுரா-சான்."

"ஆகட்டும். மாப்பிள்ளைகிட்ட நாலு வார்த்தை பேசுற அளவுக்குக் காய்ச்சாப் போதும். புளிச்சாலும் பரவால்ல."

நான் சிரித்தேன். இந்த வீட்டில் என் சிரிப்பு எனக்கே கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

ஒருநாள் கேட்டேன்: "பொண்ணுக்கே நேரா எழுதலாமே? அவங்களுக்கு நம்ம மொழி மறந்தா போச்சு?"

அவர் சொன்னார்: "வீட்டோட மாப்பிள்ளையா ஒருத்தனைப் பாத்து வெச்சிருந்தேன். தோட்டத்துக்கு ஆள் வேணும், குடும்பப் பேருக்கு ஆள் வேணும். அவ வெள்ளைக்காரனைக் கட்டிக்கிறேன்னா. இந்தப் படி ஏறாதேன்னேன். அவ போட்ட காயிதத்தப் பிரிக்காமத் திருப்பி அனுப்புனேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அவளுக்கு எழுத? இங்கிலீஷ்ல எழுதினா, எழுதுறது நானில்ல, வேற எவனோங்கற மாதிரி இருக்கு. வெக்கம் கொறையுது."

அந்த வேறு எவனோ நான்தான். அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது.

அறுவடைக்குப் பிறகு ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பினார். வாங்கியதற்குப் பதில் மரியாதை செய்ய வேண்டும் அல்லவா; தபாலில் அனுப்பியிருக்கலாம். நேரில் கொண்டுபோனேன். மலைச்சரிவுத் தோட்டத்தில் ரப்பர் பூட்ஸோடு நின்றுகொண்டிருந்தார். "டீச்சரம்மா குரல் உயரமா இருந்துச்சு. ஆள் இவ்வளவு குட்டையா?" என்றார். மீன் விழுதைத் தட்டி எண்ணெயில் பொரித்துப் போட்டார். இரண்டை நின்றபடியே தின்றேன். அதன் பிறகு அடிக்கடி போனேன். அவருக்கும் எனக்கும் நடுவில் தப்பாக ஒன்றும் இல்லை. அவர் கிளை வெட்டுவார், நான் கீழே பொறுக்கிக் கட்டுவேன். அவர் ஒரு வாக்கியம் சொல்வார், நான் திருத்துவேன். அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. போதுமான ஒன்று கையில் இருப்பவளுக்கு அதை விட்டுக்கொடுப்பது சுலபமில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. அவருக்கு உடம்பு சரியில்லை என்பது உங்களுக்குத் தெரிந்தது அவர் எழுதிய கடிதத்தால். அதைத் திருத்தியவள் நான்.

அவர் எழுதி அனுப்பியது இன்னும் எனக்கு மனப்பாடம். 'எனக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை. கவலைப்பட ஒன்றும் இல்லை. உங்களுக்கு வேலை அதிகம். தூரமும் அதிகம். வர வேண்டாம். மேல்மாடி அறைப் படுக்கையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.'

உங்களிடம் நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் முகமே மாறுகிறது. நம்மூரில் யார் இதைப் படித்தாலும் அன்றைக்கே பயணச்சீட்டு வாங்குவார்கள். மேல்மாடி அறை உங்களுடைய அறை. படி ஏறாதே என்றவர், கட்டியை வயிற்றில் வைத்துக்கொண்டு, அந்தப் படியில் ஏறி, படுக்கையைத் தூக்கிக் கொடியில் போட்டிருக்கிறார். வா என்று அவருக்குச் சொல்ல வந்த விதம் அதுதான்.

நான் இலக்கணத்தைத் திருத்தினேன். அவர் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிக் கிடந்த 'வர வேண்டாம்' என்பதை நல்ல ஆங்கிலத்தில், சுருக்கமாக, மரியாதையாக, யாரும் இரண்டாம் முறை யோசிக்க இடமில்லாதபடி எழுதினேன். படுக்கை வரியை எடுத்துவிட்டேன். கடிதத்தின் நோக்கத்துக்குத் தொடர்பில்லாத வரிகளை நீக்கலாம் என்று எங்கள் விதிமுறையில் இருக்கிறது. கீழே குறிப்பு எதுவும் எழுதவில்லை.

மறந்துவிட்டேன் என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று காலையில்தான் நகோயாவில் ஒரு பையனுக்கு, 'யோசித்துச் சொல்கிறேன்' என்று எழுதினால் வெளிநாட்டு முதலாளி அதைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொள்வார், ஜாக்கிரதை என்று நீளமாகக் குறிப்பு எழுதியிருந்தேன். அதனால் மறதி என்று சொல்ல முடியாது.

உங்கள் அப்பா கவனித்தார்.

"டீச்சரம்மா, அந்தப் படுக்கை வரியக் காணோமே."

"இங்கிலீஷ்ல அது ஒட்டாது, யோனெகுரா-சான். படுக்கைக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம்னு அவங்க குழம்புவாங்க."

"அப்படியா? மத்தபடி, விஷயம் போய்ச் சேருமில்ல?"

"அழகாப் போய்ச் சேரும்."

"டீச்சரம்மா சொன்னா சரிதான்."

வேறு நாட்டுக்காரராக இருந்தால் எதிர்த்துக் கேட்டிருப்பார். அந்த வரி எனக்கு வேணும், நீ யாரம்மா எடுக்க என்று சண்டைக்கு வந்திருப்பார். நம் ஆட்கள் ஆசிரியர் திருத்தியதைத் திருப்பித் திருத்த மாட்டார்கள். நான் திருத்தியதை அவர் ஓர் எழுத்து மாற்றாமல் அனுப்பினார். அவர் அப்படித்தான் செய்வார் என்று எனக்குத் தெரியும்.

ஏன் என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கும். நீங்கள் வந்தால் நான் எழுந்து நடைபாதைக்குப் போக வேண்டும். யார் இவர் என்று நீங்கள் கேட்பீர்கள். டீச்சர் என்பார். நீங்கள் நன்றி சொல்வீர்கள். நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா என்று நிறையத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

அத்தோடு நின்றிருந்தால் திருத்தியதில் ஒரு கவனக்குறைவு என்று உங்களிடம் மழுப்பியிருப்பேன். நிற்கவில்லை.

ஹேமிஷ் பதில் எழுதினார். அப்போது உங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்தாகிவிட்டது. டேப்லெட்டை என்னிடம் நீட்டினார். "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது. படிச்சுச் சொல்லுங்க."

அதில் இருந்தது இதுதான்: 'மாமா, உங்கள் சொல்லை மதிக்கிறோம். ஆனால் சிகுசா விமானச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். குழந்தையும் தாத்தாவைப் பார்க்கக் கேட்கிறது. உண்மையாகச் சொல்லுங்கள், நாங்கள் வரட்டுமா? ஒரு வார்த்தை சொன்னால் போதும்.'

நான் படித்தேன்: "இப்ப அங்க அறுவடையாம். விட்டுட்டு வர வழியில்லையாம். ஆனா மனசெல்லாம் உங்ககிட்டதான் இருக்காம்."

அவர் தலையை ஆட்டினார். "ஆமா, ஆமா. அறுவடைய விட்டுட்டு எவன் வருவான்? நானே போக மாட்டேன். பொறுப்பான பையன்."

நியூசிலாந்தில் கிவி அறுவடை எப்போது என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அது அந்த மாதம் இல்லை. மாப்பிள்ளை எழுதிய கடிதங்களை வரிக்கு வரி படித்தவர். அதை அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது உங்களிடம் சொல்லும்போதுதான் யோசிக்கிறேன்.

"பதில் எழுதணுமே டீச்சரம்மா. கை நடுங்குது. நீங்களே எழுதிடுங்க. நான் சொல்ல வேண்டியது உங்களுக்குத் தெரியும்."

தெரியும். அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதினேன். 'உங்கள் அன்புக்கு நன்றி. நான் தனிமையை விரும்புகிறேன். நோயாளியாக என்னைப் பார்க்க வேண்டாம். மரங்களின் நடுவே நின்ற மனிதனாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.' திருத்துவதற்கு அவருடைய வரி எதுவும் இல்லாமல் நான் எழுதிய முதல் கடிதம் அது. அனுப்பிவிட்டு, "வந்தா வாங்கன்னு எழுதியிருக்கேன்" என்று அவரிடம் சொன்னேன். "அது போதும், அதுக்கு மேல வற்புறுத்தக் கூடாது" என்றார்.

ஹேமிஷ் மறுநாளே எழுதினார்: 'மாமா, உங்கள் ஆங்கிலம் எவ்வளவு அழகாகிவிட்டது. சிகுசா அழுகிறாள். ஆனாலும் உங்கள் விருப்பப்படியே இருக்கட்டும்.' அதன் முதல் வாக்கியத்தைப் படித்தபோது ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

இன்று வாசலில் நீங்கள் சொன்னீர்கள்: "போன் பண்ணிருக்கலாம். அவர் வாயாலயே வராதேன்னு இன்னொரு தடவ கேக்க எனக்குத் தெம்பில்ல." அந்தத் தெம்பு உங்களிடம் இருந்திருந்தால் எல்லாமே மாறியிருக்கும். உங்களுக்கும் அவர் புத்திதான். அது எனக்கு வசதியாகப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் என்னை எல்லோருக்கும் பிடித்தது. பகல் நேரத்து நர்ஸ் ஒரு வாயாடி. தலையணை உறை மாற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஒரே பொண்ணாமே இவருக்கு? எட்டிக்கூடப் பாக்கலயே. என்ன மனசோ!"

"அவங்கவங்க சூழ்நிலை அவங்கவங்களுக்குத்தான் தெரியும். நாம என்ன சொல்றது?"

"நீங்க ரொம்பப் பெரிய மனசுக்காரங்க. கூடப் பொறந்தவங்க மாதிரிப் பாத்துக்கிறீங்க."

நான் அதை மறுக்கவில்லை. உங்கள் அப்பா கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போனதும், "எம்பொண்ணைக் கொற சொல்ல அவ யாரு?" என்றார். பிறகு, "கொற என்மேலதான். இல்லியா டீச்சரம்மா?" என்று கேட்டார். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு, உங்கள் சித்தப்பா முறை ஒருவர் ஊரிலிருந்து வந்திருந்தார். அவர் என்னிடம், "நீங்கதான் இங்கிலீஷ் தெரிஞ்சவங்க. மாப்பிள்ளைக்குத் தகவல் சொல்லிடுங்க" என்றார். சொன்னேன். சாம்பல் ஆறிய பிறகு சொன்னேன்.

தகனம் முடிந்து எலும்பு எடுக்கும்போது, இரண்டு பேராகச் சேர்ந்து ஒரே எலும்பைக் குச்சிகளால் பிடித்துக் கலயத்தில் வைக்க வேண்டும். உங்கள் சித்தப்பா சுற்றிப் பார்த்தார். "ஜோடிக்கு ஆள் கொறையுதே. டீச்சர், இந்தப் பக்கம் வந்து நில்லுங்க." போய் நின்றேன். கடைசியாக எடுப்பது தொண்டை எலும்பு. நெருங்கிய சொந்தத்தின் கை பட வேண்டியது. அதன் ஒரு பக்கத்தைப் பிடித்தது என் குச்சி. உங்கள் இடம் என்று தெரிந்துதான் நின்றேன்.

இத்தனை நேரம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறீர்கள். "கடைசியில அவர் என்னைத் தேடினாரா?" ஏன் இப்படிச் செய்தாய் என்று அடித்துக் கேட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தேடினார்.

மத்தியானம். மருந்து மயக்கத்தில் கிடந்தார். கண் திறக்கவில்லை. நடைபாதையில் யாரோ பெட்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பி, "சிகுசாவா?" என்றார்.

அறையில் வேறு யாரும் இல்லை.

"ஆமாப்பா. வந்துட்டேன்" என்றேன்.

உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. என் குரலைக் கொஞ்சம் இளசாக்கிச் சொன்னேன். அவர் நெற்றிச் சுருக்கம் விட்டுப்போனது. கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். சாயங்காலம் போய்விட்டார்.

நான் செய்தது எதற்கும் நியாயம் இல்லை, சிகுசா-சான். ஆனால் இந்த ஒன்றை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் அப்பா ஏங்கிப் போகவில்லை. மகள் வந்துவிட்டாள் என்ற நிறைவோடுதான் போனார். அந்த மட்டில் அவருக்கு நான் குறை வைக்கவில்லை.

விரல்களைத் தடவி முடித்ததும் ஒரு வார்த்தை சொன்னார். "ரொம்ப நன்றி, டீச்சரம்மா."

ஒவ்வொரு பாடம் முடியும்போதும் அப்படிச் சொல்வார். பழக்கத்தில் வாய்தவறி வந்திருக்கும்.